எழுதி வைத்த சொல்லும் எழுதாத சொல்லும்

மதுரையிலிருந்து வரிச்சியூர், பூவந்தி வழியாகக் கிழக்கே செல்லும் சாலையில் சிறிது நேரம் பயணம் செய்தால் வயல்களின் பசுமை மெல்லக் குறைந்து, வானம் பார்த்த கண்மாய்களும் செம்மண் மேடுகளும் தோன்றும். அந்தச் சாலை நம்மைச் சிவகங்கையில் கொண்டு சேர்க்கும். அங்குள்ள பழைய அரண்மனையைப் பார்க்கச் செல்லும் மாணவர்கள் வேலு நாச்சியாரையும் மருது சகோதரர்களையும் நினைத்துக்கொள்வார்கள். அது முறையே. ஆயினும் சட்டம் பயிலும் மாணவர்கள் அந்த ஊரின் பெயரை வேறொரு காரணத்திற்காகவும் படிக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஒருவர் இறந்தபின் அவர் சொத்து யாருக்குச் சேரும் என்ற கேள்வியைச் சிவகங்கைச் சீமை இலண்டன் வரை கொண்டு சென்றது. அக்கேள்விக்கு விடை கிடைக்க முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

1801-ஆம் ஆண்டில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். கிழக்கிந்தியக் கம்பெனியார் கௌரி வல்லப பெரிய உடையத் தேவர் என்பவரைச் சிவகங்கையின் ஜமீன்தாராக ஏற்படுத்தினர். 'இஸ்திமிரார் ஜமீன்தார்' என்பது அவருக்கு வழங்கிய பட்டம். நிலையான வரி கட்டி நிலையாக அனுபவிக்கும் உரிமை பெற்றவர் என்பது அதன் பொருள். ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் ஆண்டு அனுபவித்து அவர் 1829-இல் காலமானார். மனைவியரும் புதல்வியரும் இருந்தனர். ஆண் சந்ததி இல்லை. தமையனார் ஓயாத் தேவர் முன்னரே மறைந்துவிட்டார். ஆனால் அவருக்குப் புதல்வர்கள் இருந்தார்கள். தமக்குப் பின் சீமை இன்னாருக்கு என்று எல்லாரும் மறுப்பின்றி ஒப்பும்படி செய்துவைத்த ஏற்பாடு எதுவும் இல்லை. அண்ணன் மகன் பட்டத்திற்கு வந்தார். விதவையர் வழக்கிட்டனர்.

வழக்கின் உள்ளீடு என்ன என்பதை மாணவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். பிரியாத கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் இறந்தால், அவருடைய பங்கு எஞ்சிய ஆண் பங்காளிகளையே சேரும் என்பது தென்னாட்டில் வழங்கிய இந்து தருமம். விதவைக்கும் மகளுக்கும் கிடைப்பது சோறும் துணியுமே. ஆனால் அந்த மனிதர் தாமாகவே தேடிய சொத்து இருந்தால்? குடும்பம் பிரியாதிருந்தும், அச்சொத்து மட்டும் தனியே அவருடைய மனைவிக்கும் மகளுக்கும் போகுமா? சிவகங்கைச் சீமையைக் கம்பெனியார் கௌரி வல்லபருக்கே அளித்தனர்; தமையனாருக்கு அளிக்கவில்லை. ஆகவே அது அவர் தேடிய சொத்து என்று பெண்மக்கள் சார்பில் வாதிட்டார்கள். குடும்பம் ஒன்று, ஆகவே சொத்தும் ஒன்று என்று எதிர்த் தரப்பினர் வாதிட்டார்கள்.

மதுரை நீதிமன்றத்திலும் சென்னையிலும் ஆண்டுகள் உருண்டன. வழக்குத் தொடுத்தவர்களும் எதிர்த்தவர்களும் வழக்கு நடக்கும்போதே காலமாயினர்; அவர்கள் இடத்தில் அடுத்த தலைமுறையினர் வந்து நின்றனர். முடிவில் கௌரி வல்லபரின் மகளாகிய காத்தம நாச்சியார் இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலுக்கு முறையிட்டார். சூயஸ் கால்வாய் வெட்டி முடியாத காலம் அது. கட்டுக் கட்டாகக் காகிதங்கள் கடல் கடந்து சென்றன. 1863-இல் தீர்ப்பு வந்தது. குடும்பம் பிரியாதது என்றே கொண்டாலும், தாமே தேடிய சொத்து விதவைக்கும் மகளுக்குமே சேரும் என்று கூறி, நாச்சியார் பக்கம் தீர்த்தார்கள். பெண் ஒருத்தியின் விடாமுயற்சியால் இந்து சட்டத்தில் ஒரு விதி உறுதியாயிற்று. இதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் கடைசி இருக்கைகளில் அமர்ந்திருக்கும் மாணவிகள் நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கிறேன். ஆனால் சண்டை அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. நாச்சியார் மறைந்த பிறகு அடுத்த வாரிசு யார் என்ற வழக்கு மீண்டும் இலண்டனுக்குப் போய் 1881-இல் தீர்ந்தது. இரண்டு தலைமுறையின் செல்வம் வக்கீல்களின் கட்டணமாகவும் கடனின் வட்டியாகவும் கரைந்தது என்றால் மிகையாகாது.

அவர் ஓர் உயில் எழுதி வைத்திருக்கலாமே என்று இன்று நாம் எளிதாகக் கேட்டுவிடுகிறோம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அக்காலத்தில் விடை அத்தனை எளிதன்று. நம் பழைய தரும நூல்களில் உயில் என்ற ஒன்று தனியே இல்லை. தானம் உண்டு, பாகப் பிரிவினை உண்டு, தத்து உண்டு. ஆனால் இறந்தவனின் விருப்பம் இருப்பவரை ஆளும் என்ற கருத்து இல்லை. மகன் பிறக்கும்போதே பாட்டன் சொத்தில் உரிமையோடு பிறக்கிறான் என்று கொண்ட ஒரு சமுதாயத்தில் அதற்கு இடமுமில்லை. 'உயில்' என்னும் சொல்லே ஆங்கிலேயரின் 'வில்' நம் நாவில் உருண்டு திரண்டு வந்த சொல் அல்லவா? முதலில் சென்னைப் பட்டினத்து வணிகர்களும் துபாஷிகளும் வெள்ளையரைப் பார்த்து எழுதத் தொடங்கினர். பிறகு அந்தப் பழக்கம் உள்நாட்டிற்குப் பரவியது. கௌரி வல்லபர் மறைந்த அதே 1829-இல்தான் சென்னை அரசாங்கம் ஒரு ரெகுலேஷன் பிறப்பித்து, இந்துக்களின் உயில் இந்து தருமத்திற்கு ஒத்த அளவிலேயே செல்லும் என்று கட்டுப்படுத்தியது. ஒருவர் தம் வாழ்நாளில் எதைத் தானமாகக் கொடுக்க இயலுமோ அதை உயிலாலும் கொடுக்கலாம் என்ற தெளிவு நீதிமன்றங்களின் வாயிலாகப் பின்னரே படிப்படியாக ஏற்பட்டது. ஆகவே கௌரி வல்லபரைக் குறைகூறும் முன் அவர் காலத்தின் மங்கலான வெளிச்சத்தையும் நினைக்க வேண்டும்.

பக்கத்துச் சீமையாகிய இராமநாதபுரத்தின் கதையும் இதற்கு உறவினது. அதுவும் அக்காலத்தில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்ததே. தனி ஜில்லாவானது 1910-இல். அங்கே சேதுபதி 1830-இல் ஆண் வாரிசின்றிக் காலமானார். அவர் மனைவி இராணி பர்வதவர்த்தினி 1847-இல் உறவினர்களின் சம்மதத்துடன் ஒரு சிறுவனைத் தத்து எடுத்துக்கொண்டார். கணவர் அனுமதி கொடுத்திருந்தாரா என்ற கேள்வி எழுந்தது. அனுமதி இன்றேல் தத்து செல்லாது. தத்து செல்லாதெனின் வாரிசு இல்லை. வாரிசு இல்லையெனில் சீமை சர்க்காருக்கு! அரசாங்கத்தின் சார்பில் மதுரைக் கலெக்டரே வழக்காடினார். 1868-இல் பிரிவி கவுன்சில், தென்னாட்டு வழக்கப்படி நெருங்கிய உறவினரின் சம்மதமே போதும் என்று கூறித் தத்தை நிலைநிறுத்தியது. ஏட்டிலுள்ள விதியைக் காட்டிலும் தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கத்திற்கே வலிமை மிகுதி என்னும் கொள்கை இவ்வழக்கால் புகழ்பெற்றது. நல்ல கொள்கைதான். ஆனால் 'என் மனைவி தத்து எடுத்துக்கொள்ளலாம்' என்று ஒரு முழ ஓலையில் ஒற்றை வரி இருந்திருந்தால் இத்தனை பெரிய கொள்கைக்கு அவசியமே நேர்ந்திராது.

ஓலை என்றதும் நம்மவர்க்குத் திருவெண்ணெய்நல்லூர் நினைவுக்கு வரும். மணப்பந்தலில் வந்து நின்ற முதியவர் ஓர் அடிமை ஓலையை நீட்டிச் சுந்தரரைத் தம் ஆள் என்று சொன்ன வரலாற்றைப் பெரியபுராணத்தில் படித்திருப்பீர்கள். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சபையின் விசாரணையைக் கவனியுங்கள். வழக்கை ஆட்சியால் காட்டலாம், ஆவணத்தால் காட்டலாம், நேரில் கண்ட அயலாரால் காட்டலாம் என்கிறார்கள். ஓலை வந்ததும், அது பாட்டனாரின் கையெழுத்துத்தானா என்று வேறோர் ஓலையுடன் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடப்பெற்ற நூலில் இவ்வளவு நுட்பமான சாட்சிய முறை காணப்படுகிறது. எழுத்தும் கையெழுத்தும் சாட்சியும் நமக்குப் புதியன அல்ல. அவற்றை இறப்பிற்குப் பிந்திய ஏற்பாட்டிற்குப் பயன்படுத்துவது மட்டுமே புதிது.

இனி, எழுதி வைத்தும் தவித்த ஒருவரைப் பார்ப்போம். பச்சையப்ப முதலியார் வறுமையில் பிறந்து, துபாஷித் தொழிலால் பெருஞ்செல்வரானவர். 1794-இல், நாற்பது வயதளவில், தம் செல்வத்தைக் கோயில் கைங்கரியங்களுக்கும் அன்னதானத்திற்கும் எழுதி வைத்துவிட்டு மறைந்தார். உயில் தெளிவாகவே இருந்தது. ஆனால் பணம் தருமத்திற்குப் போய்ச் சேரவில்லை. பொறுப்பேற்றவர்களிடமும் உரிமை கோரியவர்களிடமும் சிக்கி அது நீதிமன்றத்தில் பல்லாண்டுகள் கிடந்தது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முனைந்து வழக்காடிய பிறகே தருமச் சொத்து மீட்கப்பட்டது. அதற்குள் வட்டி குவிந்து, கோயில்களுக்கு ஒதுக்கியது போக நான்கரை இலட்ச ரூபாய் அளவில் மிஞ்சி நின்றது. அந்த உபரியைக் கொண்டு 1842 ஜனவரி முதல் நாளன்று சென்னையில் ஒரு பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. பச்சையப்பன் கல்லூரியின் வித்து அதுவே. பச்சையப்பர் பள்ளிக்கூடத்தைப் பற்றி உயிலில் எழுதவில்லை. தாமதம்தான் பள்ளிக்கூடத்தைக் கட்டியது! தமிழ்நாட்டிற்கு இது நற்பேறு. ஆனால் தம் உயில் நாற்பத்தெட்டு ஆண்டுகள் கிடப்பில் கிடக்கட்டும் என்று எந்த மனிதரும் விரும்பமாட்டார்.

இதற்கு மாறானதை ஐரோப்பாவில் காண்கிறோம். ஆல்ஃபிரட் நோபெல் 1895 நவம்பரில் பாரிஸ் நகரில் வக்கீலின் துணையின்றித் தம் கையாலேயே ஓர் உயில் எழுதி, நான்கு சாட்சிகளின் முன் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் மறைந்தார். சட்டப்படி பார்த்தால் அவ்வுயிலில் ஓட்டைகள் பல. பணத்தை வைத்துப் பரிசு வழங்கவேண்டிய அமைப்பே அப்போது உலகில் இல்லை. உறவினர் எதிர்த்தனர், பரிசாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கழகங்களே தயங்கின. ஆனால் உயிலை நிறைவேற்ற அவர் பெயர் குறித்தவர்களில் ஒருவர் இராக்னர் சோல்மன். இருபத்தாறு வயது இளைஞர். அவருடைய உழைப்பாலும் நேர்மையாலும் 1901-இல் முதல் பரிசுகள் வழங்கப்பட்டன. ஐந்தே ஆண்டுகள்! உயிலின் சொற்கள் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அதை நிறைவேற்றுபவரின் தேர்வு. நம் வீடுகளில் இதைக் கௌரவப் பதவியாக எண்ணி, மூத்தவர் என்ற ஒரே காரணத்திற்காக எண்பது வயதுப் பெரியப்பாவின் பெயரை எழுதிவிடுகிறோம்.

மதுரைச் சீமையில் சட்டம் எப்படி வந்து நிலைத்தது என்பதையும் சொல்லவேண்டும். 1870-இன் இந்து உயில் சட்டம் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் வங்காளத்திற்குமே பொருந்தியது. மதுரை, மேலூர், திருமங்கலம் போன்ற மொபசல் ஊர்களில் ஒருவர் எழுத்தின்றி வாயால் சொல்லிச் சென்றதும், தக்கபடி நிரூபித்தால், உயிலாகவே கொள்ளப்பட்டது. 1927 ஜனவரி முதல் நாளிலிருந்து எழுதப்படும் எல்லா இந்து உயில்களுக்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் விதிகள் விரிக்கப்பட்டன. அன்று முதல் எழுத்தும், எழுதியவரின் கையெழுத்து அல்லது கைந்நாட்டும், குறைந்தது இரண்டு சாட்சிகளும் இன்றியமையாதன ஆயின. சாகும் நேரத்துச் சொல்லுக்கு அதற்கு முன் இருந்த வலிமை அந்நாளோடு போயிற்று. போர்முனைச் சிப்பாய் போன்ற சிலருக்கே விலக்கு உண்டு.

இந்தத் தேதியை நான் நூலில் படித்தபோது சில நிமிடங்கள் பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் மேலூர்ப் பக்கத்து விவசாயி. பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் பாயும் நிலம் கொஞ்சம், அவரே உழைத்து வாங்கியது. எங்கள் தாயார் இளமையிலேயே காலமாகிவிட்டதால், மூத்த தமக்கைதான் எங்கள் மூவரையும் வளர்த்தார். 1984-இல் தகப்பனார் படுக்கையில் விழுந்தபோது எங்களை அழைத்து, "கிணத்து மேட்டு நாப்பது செண்டு பெரியவளுக்குடா, மறந்துறாதீங்க" என்றார். நாங்கள் சகோதரர் மூவரும் தலையாட்டினோம். பதினைந்து நாளில் அவர் போய்விட்டார். காரியம் முடிந்த பிறகு ஊர் வழக்கப்படி அக்காளை அழைத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். அவர் அந்த நாற்பது செண்டைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. "எங்க போடணும், தம்பி?" என்று மட்டும் கேட்டார். நான்தான் இடத்தைக் காட்டினேன். அப்போது நான் ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தவன். எனக்குச் சட்டம் தெரியாவிட்டாலும் தகப்பனார் சொன்னது காதில் விழுந்திருந்தது. அதன் பிறகு அக்காள் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ எங்கள் வீட்டிற்கு வந்ததில்லை. நாங்கள் போனால் சோறு போடுவார்.

1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனோடு சமபங்கு உண்டு. ஆகவே அக்காளுக்கு உரியது நாற்பது செண்டுக்கும் மேலேயே இருந்தது. அவர் கையெழுத்திட்டது அதைத்தான் விட்டுக்கொடுத்து. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989-இல் சட்டம் செய்தது; நாடு முழுவதற்கும் 2005-இல் வந்தது. சட்டங்கள் நல்லவை. ஆனால் விடுதலைப் பத்திரங்கள் இன்னமும் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. காத்தம நாச்சியாருக்கு வக்கீல்களும் கப்பலும் இருந்தன. என் அக்காளுக்கு இருந்தது வாயால் சொன்ன ஒரு வாக்கியம்.

ஓர் எளிய உயில் எழுத என்ன வேண்டும் என்று மாணவர்கள் கேட்கலாம். பதினெட்டு வயதும் தெளிந்த அறிவும் உடைய எவரும் எழுதலாம். முத்திரைத் தாள் வேண்டியதில்லை. வெள்ளைத் தாள் போதும். தமிழில் எழுதலாம், எழுதுபவர்க்கு விளங்கும் மொழியில் எழுதுவதே சிறப்பு. பெயர், வயது, முகவரி, தேதி இவற்றை எழுதி, இதற்கு முன் எழுதிய உயில்களை ரத்துச் செய்வதாக ஒரு வரி சேர்க்க வேண்டும். நிலமாயின் கிராமத்தின் பெயர், சர்வே எண், விஸ்தீரணம், நான்கெல்லை என்று மூலப்பத்திரத்தைப் பார்த்தே எழுத வேண்டும். 'கிணத்து மேடு' என்று எழுதினால் எந்தக் கிணறு என்று பேரன் காலத்தில் வழக்கு வரும். கிணறே தூர்ந்தும் போயிருக்கும். பெறுபவர் நமக்கு முன்பே காலமானால் அப்பங்கு யாருக்கு என்பதையும், பட்டியலில் விட்டுப்போனவை யாருக்கு என்பதையும் எழுதத் தவறக்கூடாது. பலர் தவறுவது இங்கேதான். பாங்கியிலும் காப்பீட்டிலும் நியமனதாரர் பெயர் கொடுத்திருக்கிறேனே, அது போதாதா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். பொதுவாக நியமனதாரர் பணத்தைப் பெற்று உரியவர்களிடம் சேர்க்க வேண்டியவரே. வாரிசுரிமையை அது மாற்றாது. பங்குப் பத்திரங்களைப் பொறுத்து உச்ச நீதிமன்றம் 2023-இலும் இதை உறுதிப்படுத்தியது.

சாட்சிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். எழுதியவர் கையெழுத்திடுவதைச் சாட்சிகள் கண்ணால் காணவேண்டும், அல்லது இது என் கையெழுத்துத்தான் என்று அவரே சொல்லக் கேட்கவேண்டும். பின்பு அவர் முன்னிலையில் தாமும் கையெழுத்திட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிகள் படிக்க வேண்டியதில்லை. சொத்தைப் பெறுபவரைச் சாட்சியாக்காதிருப்பதே அறிவுடைமை. கிறித்தவர்களுக்கு அப்படிச் செய்தால் அந்தக் கொடையே செல்லாமற் போகும். உயில் நீதிமன்றத்திற்கு வந்தால் உயிரோடிருக்கும் சாட்சி ஒருவராவது வந்து சொல்லவேண்டும். ஆகையால் நம்மைவிட இளையவர்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். பதிவு செய்வது கட்டாயம் அன்று. ஆயினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால் பின்னர் ஐயங்கள் குறையும். மூடிய உறையிலிட்டு மாவட்டப் பதிவாளரிடம் வைக்கவும் வழி உண்டு. மனம் மாறினால் எத்தனை முறையும் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதே செல்லும். முஸ்லிம் அன்பர்களுக்கு அவர்களுடைய சட்டப்படி, வாரிசுகள் சம்மதித்தாலன்றி, மூன்றில் ஒரு பங்கு வரையில்தான் உயிலால் கொடுக்க இயலும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். சொத்து சிக்கலானதாக இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்பதில் வெட்கமில்லை.

உயில் எழுதினால் சாவு நெருங்கும் என்ற அச்சம் எங்கள் கிராமங்களில் உண்டு. என் மனைவியே நான் தாளை எடுத்தபோது, "இப்ப என்ன அவசரம்?" என்று சொல்லி விளக்கைத் தூண்டிவிட்டுப் போனாள். பச்சையப்பரும் நோபெலும் எழுதியதால் இறக்கவில்லை; எழுதாத கௌரி வல்லபரும் இறந்தே போனார். இதை அவளிடம் சொல்லவில்லை; சொல்லியிருந்தால் தாளையே பிடுங்கியிருப்பாள்.

ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டில் என் உயிலை எழுதி முடித்தேன். ஒன்றரைப் பக்கம். வீடு என் மனைவிக்கு; அவளுக்குப் பின் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. கிணற்று மேட்டு நிலம் பாகப் பிரிவினையில் என் பங்கிற்குத்தான் வந்தது. அக்காள் இப்போது இல்லை. சர்வே எண்ணும் நான்கெல்லையும் குறித்து, அந்த நாற்பது செண்டை அவர் மகளுக்கு எழுதினேன். பிறகு யோசித்து, அந்த ஒன்றை மட்டும் உயிலிலிருந்து எடுத்துவிட்டு, இப்போதே தான செட்டில்மெண்டாகப் பதிவு செய்து கொடுத்தேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் எங்கே கையெழுத்திட வேண்டும் என்று எனக்குக் காட்டியது அந்தப் பெண்தான்.